மதிலுக்குள் ஒரு பம்ப் ஹவுஸ்

ராஜகீழ்ப்பாக்கத்திலோ சேலையூரிலோ குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போன ஒன்று. தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மதிலுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டால், ‘ரன்வே இருக்கு, ஹேங்கர் இருக்கு, குவார்ட்டர்ஸ் இருக்கு’ என்பதோடு பதில் நின்றுவிடும். அதற்கு மேல் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

இன்றைய தாம்பரத்தை உருவாக்கியவை மூன்று. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஒன்று. 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி இன்னொன்று. மூன்றாவது இந்த விமானப்படைத் தளம். 1948-ல் அம்பாலாவில் தொடங்கிய விமானப் பயிற்றுநர் பள்ளி 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. எச்.டி-2, கிரண் என்று தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி விமானங்கள் இந்த வானத்தில் பறந்திருக்கின்றன. ரயிலைப் பற்றிப் பேச ரயில் ரசிகர்கள் இருக்கிறார்கள். கல்லூரிக்குப் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். தளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் விமானத்தையும் விமானியையும் பற்றி எழுதுகிறார்கள். அந்த விமானிக்குக் குளிக்கத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்த பம்ப் ஹவுஸைப் பற்றி யார் எழுதுவது?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒரு ராணுவத் தளம் என்பது முழுசாக ஓர் ஊர். அதற்கென்று தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் அறை, பட்டறை, வண்டி நிற்கும் எம்.டி. ஷெட், சமையற்கூடம், எரிபொருள் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, சாக்கடை, சலவைக்கூடம் எல்லாம் உண்டு. படை நடக்கத் தேவையான எல்லாமே இந்தக் கட்டடங்களில்தான் நடந்தது. இவற்றுக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு கிடையாது. பெரிய அதிகாரி எவரும் இவற்றின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. பழசாகிவிட்டால் ஓர் எஸ்டிமேட் போட்டு இடித்துவிட்டு, அதே இடத்தில் புதுசாகக் கட்டிவிடுவார்கள். அப்படி இடிப்பதில் தவறே இல்லை. படைத்தளம் அருங்காட்சியகமாக இருக்க முடியாது. இடிப்பதற்கு முன் அளந்து, வரைந்து, படம் எடுத்து வைக்காமல் இடிப்பதுதான் தவறு.

இது வெறும் பழமை மோகம் என்று நினைப்பவர்கள் சென்னையின் ஏழு கிணற்றுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலியின் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டை தப்பியது. அதன்பின் கிழக்கிந்தியக் கும்பினி செய்த வேலைகளில் மதில்களைப் பலப்படுத்தியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே அளவு முக்கியமான இன்னொரு வேலை தண்ணீர். கடலோரக் கோட்டைக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டப்படி, கோட்டைக்கு வடக்கே, அன்றைய கறுப்பர் நகரத்தின் வட பகுதியில், மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் வெட்டப்பட்டன. வெட்டியவை பத்து, பயன்பட்டவை ஏழு. இறைத்த நீர் குழாய் வழியே கோட்டைக்குப் போனது. நகரத்தில் குழாய் வழியே தண்ணீர் போன தொடக்ககால ஏற்பாடுகளில் இது ஒன்று. அதுவும் பொதுமக்களுக்காக வந்ததில்லை, கோட்டையில் இருந்த படைக்காக வந்தது. ஊருக்கென்று செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்து சேர ஏறத்தாழ இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று.

கோட்டையின் பாதுகாப்பை நம்பி வாழ்ந்த ஜனங்கள் அந்தக் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்த இடத்தின் பெயரையே தங்கள் பேட்டைக்கும் வைத்துக்கொண்டார்கள். அங்கே வள்ளலார் வாழ்ந்த வீடு இருந்தது என்பதால் பலருக்கு அந்தப் பகுதியைத் தெரியும். கிணறுகள் உள்ள வளாகம் இப்போதும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது.

சரி, 250 ஆண்டுக்கு முந்தைய கிணற்றின் கதை நமக்கு எப்படித் தெரிகிறது? கும்பினிக்காரர்கள் ஒவ்வொரு செலவையும் எழுதி வைத்தார்கள். அந்தத் தொகுதிகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தங்கின. அவற்றையும் லண்டனில் இருந்த ஆவணங்களையும் வாசித்து 1913-ல் பழைய சென்னையைப் பற்றிப் பெரிய நூல்தொகுதி ஒன்றை வெளியிட்டார் ஹென்றி டேவிசன் லவ். சென்னை வரலாறு எழுதுகிற எவரும் இன்றுவரை அதைத் தாண்டிப் போக முடியாது. லவ் யார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அவர் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர், ராணுவப் பொறியாளர். கொத்தளத்துக்கு என்ன அளவு, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கேட்கத் தோன்றிய மனசு ஒரு பொறியாளரின் மனசு. தமிழ்நாட்டில் இன்று ராணுவக் கட்டட வரலாற்றுக்குத் தேவைப்படுவதும் அப்படிப்பட்ட ஆள்தான்.

கோட்டைக்குள்ளேயே இன்னொரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையில் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் கிளைவ் வீடும் கிங்ஸ் பேரக்ஸும் இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். அதே பட்டியலில் பெரிய கிடங்கு இருக்கிறது. காரிசன் இன்ஜினியர் டிப்போ இருக்கிறது. நர்சிங் சிஸ்டர் இல்லம் இருக்கிறது. மதில்களையும் கொத்தளங்களையும் சொல்லும்போது அவற்றுக்கு அடியில் உள்ள வளைவுக்கூரை அறைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் சேர்த்தே சொல்கிறார்கள். பட்டியல் போட்டவர் யாரோ, அவருக்குக் கை குவிக்க வேண்டும். பீரங்கி நின்ற கொத்தளம் சின்னம் என்றால் அதற்குக் கீழே தண்ணீர் நின்ற தொட்டியும் சின்னம்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலின் கை தாம்பரம்வரை எட்டாது. 1958-ன் தொல்சின்னங்கள் சட்டப்படி ஒரு கட்டடம் தேசியச் சின்னமாக வேண்டுமென்றால் குறைந்தது நூறு ஆண்டு நின்றிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டியது எதுவானாலும் 2040-களில்தான் அந்த வயதை எட்டும். சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில் கட்டியவற்றுக்கு இன்னும் கால் நூற்றாண்டு பாக்கி. அதுவரை எத்தனை நிற்கும்?

போர்க்காலத்தைச் சொன்னதும் நினைவுக்கு வருவது சென்னையைச் சுற்றியிருந்த விமானத் தளங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிச் சென்னை ஊரைக் காலி செய்தது பல குடும்பங்களில் இன்னும் பேசப்படும் கதை. அந்த ஆண்டுகளில் செங்குன்றம் ஏரியில் கேடலினா பறக்கும் படகுகள் இறங்கின. சோழவரத்தில் ஓடுபாதை இருந்தது, உளுந்தூர்பேட்டையிலும் இருந்தது. சோழவரம் ஓடுபாதையில் பின்னாளில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்ததால் அதன் பெயர் நிலைத்தது. அந்த ஓடுபாதைக்குப் பெட்ரோல் எதில் வந்தது, எங்கே சேமித்தார்கள், விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து என்று விசாரித்தவர்கள் அரிது.

பதிவு இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம், நீலகிரிக்குப் போனால் போதும். தமிழ்நாட்டு மின்சார வரலாறு என்றால் 1932-ன் பைக்காரா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே குன்னூர் அருகே காட்டேரி அருவியின் நீரில் ஒரு சின்ன மின்நிலையம் ஓடியது. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலைக்கு, அதாவது ராணுவத்துக்கு வெடிமருந்து செய்யும் ஆலைக்கு, மின்சாரம் கொடுக்கக் கட்டியது அது. தென்னிந்தியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களில் ஒன்று. ராணுவத் தேவைக்குக் கட்டிய ஒரு பவர் ஹவுஸைச் சேர்த்துக்கொண்டால் மாநிலத்தின் நீர்மின் வரலாறே கால் நூற்றாண்டு முன்னால் நகர்கிறது.

அந்தமானில் ராஸ் தீவு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1979-லிருந்து இந்தியக் கடற்படையின் பராமரிப்பில் இருக்கிறது. போர்ட் பிளேர் போகும் தமிழ்நாட்டுச் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலோர் அங்கே ஒரு நடை போய்வருவார்கள். அரைகுறையாக நிற்கும் சுவர்களை ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்திருக்கும். அந்தச் சுவர்களின் முன் பெயர்ப்பலகை உண்டு: இது ரொட்டி சுட்ட பேக்கரி, இது பவர் ஹவுஸ், இது கடல்நீரைக் குடிநீராக்கிய ஆலை, இது அச்சகம். தலைமை ஆணையர் மாளிகைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை பேக்கரிக்கும் கிடைத்திருக்கிறது. கடற்படையின் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் இதைச் செய்ய முடிந்திருக்கிறது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும்.

ஈழத்தில் திருகோணமலை. சீனக்குடாவில் காட்டுக்கு நடுவே நிற்கும் எண்ணெய்த் தொட்டிகள் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலின்போது ஒரு விமானம் நேரே தொட்டி ஒன்றின்மீது வந்து விழுந்தது. தொட்டி நாட்கணக்கில் எரிந்தது. மிஞ்சியிருக்கும் 99 தொட்டிகளுக்காக இந்தியாவும் இலங்கையும் பல ஆண்டு பேசி, 2022-ல் ஒப்பந்தம் போட்டன. எண்பது ஆண்டு கழித்தும் இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குப் பெறுமதி உள்ளதாக அந்தச் சேமிப்புக் கிடங்கு நிற்கிறது.

இனி, பதிவு செய்வது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

பழைய பம்ப் ஹவுஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே அறை, ஓட்டுக்கூரை. எஞ்சினை எப்போதோ கழற்றி ஏலத்தில் விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றாத கட்டடம். அளக்கப் போகிறவர் முதலில் தரையைப் பார்ப்பார். கான்கிரீட் மேடையில் நான்கு அல்லது ஆறு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் இடைவெளியை அளந்தால் மேலே உட்கார்ந்திருந்த எஞ்சினின் அளவு கிடைக்கும். சுவரில் குறுக்கே நீளமாக ஒரு துவாரம் இருந்தால் அது பெல்ட் போன வழி. எஞ்சின் ஓர் அறையிலும் பம்ப் அடுத்த அறையிலும் இருந்தன என்று அர்த்தம். கூரைக்குக் கீழே ஒரு மூலையில் மட்டும் சுவர் கறுத்திருந்தால் புகைக்குழாய் அங்கே போயிருக்கிறது. ஒரு மங்களூர் ஓட்டைப் புரட்டினால் தயாரித்த ஆலையின் முத்திரை இருக்கும். இரும்பு உத்தரத்தின் பக்கவாட்டில் தயாரித்த கம்பெனியின் பெயர் இருக்கும். டோர்மன் லாங் என்றிருந்தால் இங்கிலாந்திலிருந்து வந்தது, டாடா என்றிருந்தால் ஜாம்ஷெட்பூர்.

தளம் போட்ட கட்டடமாக இருந்தால் மெட்ராஸ் டெரஸா என்று பார்ப்பார். தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட தளம் அது. இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். படைத்தளத்தில் ஒரு பழைய ஸ்டோர் ரூமின் கூரையை இடிக்கும்போது அந்தத் தொழிலின் ஒரு மாதிரியும் சேர்ந்து போய்விடுகிறது. சுவரில் மரத்தாலான கேசிங்-கேப்பிங்குக்குள் ஓடும் பழைய ஒயர், பீங்கான் கட்டை, வாசலுக்கு எதிரே தனியாக நிற்கும் தடித்த செங்கல் தடுப்புச் சுவர் — ஒவ்வொன்றும் காலத்தைச் சொல்லும். குண்டுவெடிப்பின் அதிர்ச்சியைத் தாங்கத்தான் அப்படிச் சுவர் வைப்பார்கள்.

இதையெல்லாம் தரைப்படம், வெட்டுத் தோற்றம், முன்தோற்றம் என்று அளவோடு வரைய வேண்டும். அளவுக்கோலை அருகில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அங்கே வேலை பார்த்தவரிடம் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். சின்னக் கட்டடம் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து சில நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. கட்டடக்கலை மாணவர்களுக்கு அளவு வரைபடம் பாடத்திலேயே இருக்கிறது. ஆண்டுதோறும் ஏதாவது கோயிலையோ செட்டிநாட்டு வீட்டையோ அளக்கப் போகிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கமே 1794-ல் மைக்கேல் டாப்பிங் நடத்திய நில அளவைப் பள்ளிதான். அளப்பதற்கு ஆள் இல்லாத ஊர் இல்லை இது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. 1923-ன் அரசு ரகசியங்கள் சட்டப்படி ராணுவ, கடற்படை, விமானப்படை நிலையங்கள் எல்லாம் தடைசெய்யப்பட்ட இடங்கள். அனுமதியில்லாமல் உள்ளே வரைபடம் போடுவது கடுமையான குற்றமாகலாம். இது நியாயமான சட்டம். மதிலுக்கு மேலே செல்போனை நீட்டிப் படம் எடுக்கிற ஆர்வலர்களை ஊக்கப்படுத்தக் கூடாது. ட்ரோன் பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் பதிவு செய்யக்கூடியவர்கள் உள்ளே இருப்பவர்கள் மட்டுமே.

உள்ளே இருப்பது எம்.இ.எஸ். எனப்படும் ராணுவப் பொறியியல் பணி அமைப்பு. 1923-ல் உருவாகி, 2023-ல் நூற்றாண்டு கண்டது. தண்ணீர், மின்சாரம், ரோடு, கட்டடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கட்டி முடித்த வரைபடமும் கணக்கும் வைத்திருக்க வேண்டிய அமைப்பும் அதுதான். ஒரு கட்டடத்தை இடிக்க எப்படியும் கோப்பு ஓடும், கையெழுத்துகள் விழும். அந்தக் கோப்போடு அளவு வரைபடம் ஒன்று, பத்துப் புகைப்படம், அரைப்பக்கக் குறிப்பு சேர்க்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தால் போதும். புதிய துறை வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம்.

பாதுகாப்பு கெடுமே என்பார்கள். கெடாமல் செய்ய வழி ஏற்கெனவே இருக்கிறது. 1993-ன் பொது ஆவணச் சட்டம் நிரந்தர மதிப்புள்ள ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாற்று ஆவணங்களுக்கு ஒரு கொள்கையை அறிவித்தது: சாதாரணமாக 25 ஆண்டில் ரகசிய முத்திரை விலகும், தகுதியானவை காப்பகத்துக்குப் போகும். போர் நாட்குறிப்பையே 25 ஆண்டில் வெளியிடலாம் என்றால், இடிந்துபோன பம்ப் ஹவுஸின் படத்தை உறையிலிட்டு 25 ஆண்டு பூட்டி வைத்துவிட்டுப் பிறகு வெளியிடுவதில் என்ன தயக்கம்?

அமெரிக்கா இதில் நமக்கு முந்திக்கொண்டது. 1933-ல் கட்டடங்களுக்கும் 1969-ல் பொறியியல் கட்டுமானங்களுக்கும் என்று இரண்டு தேசியப் பதிவுத் திட்டங்களைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் தளத்துக்குத் தளம் ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டிய தற்காலிக மரக் கட்டடங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் நின்றன. அவற்றை இடிக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது, 1986-ல் பாதுகாப்புத் துறையும் மரபு அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஒவ்வொரு வகைக்கும் மாதிரியை முழுமையாகப் பதிவு செய்துவிட்டு மற்றதை இடித்துக்கொள்ளலாம். நடைமுறை அறிந்த முடிவு. கேப் கனாவரல் போன்ற, இன்றும் இயங்கும் தளங்களின் ஏவுமேடைக் கட்டடங்களைக்கூட இந்தத் திட்டங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த வரைபடங்கள் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. ராஜகீழ்ப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். நம் வீட்டுக்குப் பக்கத்துத் தளத்தின் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அப்படி எதுவும் பார்க்க முடியாது.

எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்றச் சொல்லவில்லை. பத்து ஸ்டோர் ரூம் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றை அளந்தால் போதும். ஆனால் முதல் பம்ப் ஹவுஸ், முதல் பவர் ஹவுஸ், முதல் பட்டறை — இவை ஒவ்வொரு தளத்திலும் ஒன்றுதான் இருக்கும். அவற்றைப் பதியாமல் விடுவது அலட்சியம். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

கட்டடத்தைவிட வேகமாகக் கைநழுவுவது ஆட்களின் நினைவு. தாம்பரத்துச் சுற்றுவட்டாரத்தில், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய ஓய்வுபெற்ற படையினரும் எம்.இ.எஸ். ஊழியர்களும் உண்டு. பம்ப் ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், பிட்டர், மெஸ் சமையல்காரர் என்று வேலை பார்த்தவர்கள். எந்த எஞ்சின் எந்த மாதத்தில் மக்கர் பண்ணும், கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றும் என்று அவர்களுக்குத் தெரியும். 1960-களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது எண்பது வயதாகிறது.

அந்தப் பெரியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கண்ணில் இது பட்டால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தாவின் பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தக் கட்டடத்தில் வேலை, என்ன எஞ்சின், ஷிப்டில் எத்தனை பேர், அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். இன்று தளம் எப்படி இயங்குகிறது என்பது பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். அதை எழுதவும் கூடாது. எழுதியதில் ஒரு பிரதியைத் தளத்தின் நிர்வாகத்துக்கே அனுப்பி, அவர்கள் சம்மதித்தால் இன்னொன்றை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.